பேருந்து ஏன் வரவில்லை? – தமிழ்க் கதைகளில் வண்டியும் பெண்ணின் துயரும்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு மாணவிகளுக்கு வாசிக்கக் கொடுப்பது என் வழக்கம். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த கதை. கல்லூரி விட்டு மழையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள் ஒரு பெண். மற்ற பெண்கள் போய்விடுகிறார்கள். அவள் போகவேண்டிய பேருந்து வரவில்லை. பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. ஏறுகிறாள். கார் அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரவு வீடு திரும்பியவளை அம்மா முதலில் அடித்து அலறுகிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, உன்மேல் எந்தக் கறையும் இல்லை என்கிறாள்.

வகுப்பில் விவாதம் எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். அம்மா செய்தது சரியா, அது என்ன தூய்மை, நீர் எப்படி நெருப்பாகிறது, சீதையின் தீக்குளிப்பை ஜெயகாந்தன் எப்படித் திருப்பிப் போடுகிறார். நானும் அதே தடத்தில்தான் வகுப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு, பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

“மேடம், அந்தப் பொண்ணோட பஸ் ஏன் வரல?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க முடியாமல் நின்றேன். முனைவர் பட்டத்துக்காக இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைகளை வரி வரியாகப் படித்தவள் நான். கற்பைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். பேருந்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

*

எங்கள் ஊர் வாலாஜாபாத். வண்டிகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் சாலை இங்கேதான் முடிகிறது. அந்தச் சாலையின் இரு பக்கமும் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள். செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையில் இருக்கும் எங்கள் ரயில் நிலையத்திலிருந்து புத்தம் புதுக் கார்கள் சரக்கு ரயிலேறி வடக்கே போகின்றன. விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் வந்து தெருமுனையில் நிற்கும். முந்தின தலைமுறையில் தறிக்குழியில் கால் விட்டிருக்கவேண்டிய பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு அவற்றில் ஏறுவார்கள். இவ்வளவு வண்டி செய்யும் ஊரில், செய்கிற கைகளில் எத்தனை கைகளுக்குச் சொந்த வண்டி இருக்கிறது என்று கேட்டால் பதில் வேறு.

பதினைந்து கிலோமீட்டர் போனால் காஞ்சிபுரம். அங்கே ‘வாகனம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கருட சேவை. வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் வீதிக்கு வருவார். சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார். தமிழில் தெய்வம் ஏறுவதற்கும் மனிதர் ஏறுவதற்கும் ஒரே சொல்தான். தெய்வங்களுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. பெருமாள் ஊரைச் சுற்றி வருவார். ஸ்ரீரங்கத்துத் தாயாரோ கோயிலைத் தாண்டுவதில்லை. ‘படிதாண்டாப் பத்தினி’ என்பது அங்கே புகழ்மொழி. அவருக்கு வாகனம், அவளுக்கு வாசற்படி. இந்த ஏற்பாடு கோயிலுக்குள் மட்டும் இருக்கவில்லை. நம் இலக்கியத்துக்குள்ளும் இருக்கிறது.

*

சங்கப் பாடல்களில் தேர் ஓடிக்கொண்டே இருக்கும். முல்லைத் திணையில் வினைமுடித்துத் திரும்பும் தலைவன் பாகனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்வான். அகநானூற்று நான்காம் பாடலில் வரும் தலைவன், வழியில் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் கலையக்கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். எனக்கு மிகவும் பிடித்த பாடல். ஆனால் தேரில் இருப்பவன் அவன். தேர் வருமா என்று கார்காலத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். அவள் துயரின் அளவு அவனுடைய சக்கரத்தின் வேகத்தில் இருக்கிறது. நெய்தல் பாடல்களில் தலைவனின் தேர் இரவில் கடற்கரைச் சிற்றூருக்கு வரும். மணியோசை கேட்டு ஊர் விழித்துக்கொள்ளும். மறுநாள் அலர் எழும். அலர் தேருக்குரியவனைத் தொடாது. அவளைத்தான் சுற்றும். 1966இன் காருக்கும் இந்தத் தேருக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். ஊர்ப்பேச்சு போகும் திசை மட்டும் மாறவில்லை.

தேடிப் போன பெண்ணும் நம்மிடம் உண்டு. வெள்ளிவீதியார் என்ற புலவர் தன் காதலனைத் தேடி அலைந்ததை, இன்னொரு பெண் புலவரான ஔவையார் அகநானூற்றில் குறிப்பிடுகிறார். அந்த அலைச்சலுக்குத் தேர் இல்லை. கால்தான். ஒரு பெண்ணின் நடையை இன்னொரு பெண் நினைவில் வைத்துப் பாட்டில் பதிந்தாள் என்பதே நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய செல்வம்.

கண்ணகியும் நடந்தவள். புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தாள். கவுந்தியடிகள் துணைக்கு வந்தார், வண்டி வரவில்லை. பாண்டியன் அவையில் நின்று தான் வந்த ஊரின் பெருமையைச் சொல்லும்போது, தேர்க்காலில் கன்றை இழந்த பசுவையும், அந்தப் பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்ச்சக்கரத்தில் இட்ட சோழனையும் நினைவூட்டுகிறாள். துயரப்பட்ட ஒரு பெண் தன் வழக்குக்குச் சாட்சியாக இன்னொரு தாயின் துயரத்தை அழைக்கிறாள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு கணம் நின்று போகும். ஒரு வண்டியால் நேர்ந்த சாவுக்கு, வண்டியின் சொந்தக்காரனிடமிருந்தே நீதி கேட்டு மணியடித்த தாய் நம் மரபில் ஒரு பசு. பின்னால் சேக்கிழார் பெரியபுராணத்தில் இக்கதையை விரித்துப் பாடுகிறார். அமைச்சன் கட்டளையை நிறைவேற்ற மனமில்லாமல் தன்னுயிரை விடுகிறான். அரசனே தேரை ஏற்றுகிறான். இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் அமைச்சனையும் எழுப்பித் தருகிறார். பசுவின் துயரம் ஆறுகிறது. அரசனின் அறம் நிலைக்கிறது. தேர்க்காலில் கிடந்த அந்த மகனைப் பெற்றவள் என்ன ஆனாள்? நாம் கொண்டாடும் கதையில் அவள் மணியடிக்க இடமில்லை.

மதுரையை எரித்தபின் கண்ணகி வையைக் கரை வழியாக மேற்கே நடக்கிறாள். மலையேறி வேங்கை மர நிழலில் நிற்கிறாள். பதினான்கு நாள் கழித்துக் கோவலன் தேவவடிவில் வர, அவனோடு வானவூர்தி ஏறிப் போகிறாள். தமிழின் முதல் பெருங்கதையில், ஒரு பெண்ணின் துயரத்தை ஆற்ற வரும் வண்டி அதுதான். அது எப்போது வருகிறது என்று பாருங்கள். புகாரிலிருந்து கிளம்பியபோது வரவில்லை. கணவன் கொலையுண்ட செய்தி கேட்டு ஓடியபோது வரவில்லை. ஒற்றைச் சிலம்போடு அரண்மனைக்குப் போனபோதும் வரவில்லை. இந்த மண்ணில் அவள் போவதற்கு இடம் எதுவும் மிச்சமில்லாதபோது வருகிறது. உயிரோடிருந்த வரையில் அவளுடையவை அவள் கால்கள் மட்டும்தான்.

*

தேர் போய் ஜட்கா வந்தது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் எழுதப்பட்டது. அம்மாளு ஆலைத் தொழிலாளி. கணவன் ஜட்கா வண்டிக்காரன். வண்டிகளுக்குள் பந்தயம் விட்டு விபத்தாகி, குதிரைக்கும் அடி, அவனுக்கும் அடி. படுத்துக் கிடப்பவன் பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். கற்பு கற்பு என்று கதைப்பவர்களைப் பார்த்துக் கதை கேட்கும் கேள்வி புகழ்பெற்றது. அதனாலேயே கதையின் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. பந்தயம் விட்டது அவன். உடைந்தது வண்டி. அதற்கு விலை கொடுத்தது அவள் உடம்பு. வண்டி ஓட்டும் கையில் அவளுக்குப் பங்கில்லை. வண்டி கவிழ்ந்தால் வரும் கடனில் முழுப் பங்கு.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ரயிலில் நடக்கும் கதை. தகப்பனும் சிறுவனும் போகும் பெட்டியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். கல்கத்தாவில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் வேலை செய்ய அனுப்பப்படுகிறாள். சிறுவன் ஆசையாகத் தின்னாமல் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். தகப்பன் உடல் சிலிர்க்கிறது. நானும் சிலிர்த்திருக்கிறேன், இப்போதும் சிலிர்க்கிறேன். தமிழில் எழுதப்பட்ட மிக ஈரமான கதைகளில் ஒன்று அது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஆறுதலோடு ரயிலைவிட்டு இறங்குபவர்கள் தகப்பனும் மகனும். அவள் இறங்குவதில்லை. அவளுக்கு இன்னும் கல்கத்தா இருக்கிறது. அந்த ரயில் அவளுக்குப் பயணம் அல்ல, அனுப்புதல். ‘போகிறாள்’ என்பதற்கும் ‘கொண்டுபோகப்படுகிறாள்’ என்பதற்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் செய்வினை, செயப்பாட்டுவினை என்று சொல்லிக்கொடுக்கிறது. வாழ்க்கை அதையே டிக்கெட்டில் எழுதிக் கொடுக்கிறது.

*

இனி அந்தக் கார்.

‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்ததும் பெரிய சர்ச்சை கிளம்பியது. அந்த அம்மா அப்படிச் செய்யலாமா என்பதுதான் சர்ச்சையின் மையம். எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் பெண்ணின் உடலையே சுற்றி வந்தார்கள். ஜெயகாந்தன் அந்தச் சர்ச்சையை வீணாக்கவில்லை. அம்மா தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. பிறகு பீம்சிங் இயக்கத்தில் படமாகி, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

நாவலில் அம்மாவின் அலறல் வெளியே கேட்டுவிடுகிறது. அண்ணன் கங்காவை வெளியேற்றுகிறான். ஆதரிக்க வந்த மாமாவின் கண்ணும் சரியில்லை. படித்து, வேலைக்குப் போய், நிமிர்ந்து நிற்கிறாள் கங்கா. ஆண்டுகள் கழித்து அந்தக் காரின் பிரபுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். மீண்டும் அவன் காரில் ஏறுகிறாள். இந்த முறை மழை இல்லை, கட்டாயம் இல்லை. ஊர் பார்க்க, தன் விருப்பத்தில் ஏறுகிறாள். காயம் பட்ட அதே இருக்கையில் உட்கார்ந்து காயத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். துயரத்தின் வண்டியையே ஆறுதலின் வண்டியாக மாற்றப் பார்த்த தமிழ்ப் பெண் பாத்திரம் என்று நான் கங்காவைச் சொல்வேன். அதில் அவள் துணிச்சல் இருக்கிறது. கதையின் எல்லையும் அதிலேயே இருக்கிறது. கார் இரண்டு முறையும் அவனுடையது. ஓட்டும் இருக்கையில் இரண்டு முறையும் அவன்தான்.

ஹாருகி முரகாமியின் ‘டிரைவ் மை கார்’ கதையையும், அதை வைத்து ரியுசுகே ஹமாகுச்சி எடுத்து ஆஸ்கர் பெற்ற படத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். மனைவியை இழந்த நடிகன் ஒருவனின் காரை ஓட்ட மிசாகி என்ற இளம்பெண் சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறாள். அவள் ஓட்ட ஓட்ட அவன் மனத்தின் கட்டு அவிழ்கிறது. ஸ்டியரிங் ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது என்பது கங்காவிலிருந்து பெரிய தூரம். ஆனால் கார் அவனுடையது, வண்டிக்குள் ஆறவேண்டிய துயரமும் முதலில் அவனுடையது. அவளுக்கும் ஒரு துயரம் உண்டு என்று படம் மெல்லத்தான் சொல்கிறது. படத்தின் முடிவில் அதே சிவப்புக் காரை அவள் தனியாக, வேறொரு நாட்டில் ஓட்டிப் போகிறாள். கார் அவளுக்கு எப்படி வந்தது என்று படம் விளக்குவதில்லை. திரையரங்கில் நான் அழுதது அந்த இடத்தில்தான்.

*

பெண்கள் தாங்களே எழுதத் தொடங்கியபோது வண்டி வேறாகிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அது புனைவல்ல, வாழ்வு. அதில் பேருந்து வருகிறது, ஏறவும் முடிகிறது. பக்கத்தில் உட்கார்ந்த ஆதிக்க சாதிப் பெண் எந்தத் தெரு என்று விசாரிக்கிறாள். சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுகிறாள். பெண்ணுக்குப் பேருந்து வந்துவிட்டால் போதும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களை அந்தப் பக்கம் நிறுத்தி வைக்கிறது. ஒரே டிக்கெட், ஒரே பேருந்து, இரண்டு பெண்கள். எழுந்து போனவளும் பெண்தான். பொது வண்டி தானாகவே பொதுவாகிவிடுவதில்லை.

அம்பை ‘பயணம்’ என்ற ஒரே தலைப்பில் எண் மட்டும் மாற்றிப் பல கதைகள் எழுதியிருக்கிறார். அவற்றில் ரயிலிலும் பேருந்திலும் பெண்கள் யாருக்கும் காரணம் சொல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிர் இருக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கிறார்கள். சொந்தத் துயரத்தைக் கொஞ்ச நேரம் மேல்தட்டில் வைத்துவிட்டு மற்றவர் கதையைக் கேட்கிறார்கள். வண்டி அங்கே பெரிய குறியீடாக எழுந்து நிற்பதில்லை. அது ஓடுகிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்பதற்கு நம் மொழி இரண்டாயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கதைக்கு வெளியே அது எப்படி நடந்தது என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராமச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அவர் குறித்த ஒரு விவரம் என்னை விடுவதில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது. இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். ஆணுக்காகச் செய்யப்பட்ட கம்பி தாயின் கையில் தொட்டிலானது.

இதற்கு நூறு ஆண்டுக்கு முன், அமெரிக்காவில் மதுவிலக்குக்காகவும் பெண்கள் வாக்குரிமைக்காகவும் உழைத்த பிரான்சஸ் வில்லர்டு தன் ஐம்பத்து மூன்றாம் வயதில் சைக்கிள் பழகினார். 1892இல் தாயை இழந்து மனமும் உடலும் தளர்ந்திருந்த காலம் அது. விழுந்து எழுந்து கற்றதைப் பற்றி 1895இல் ஒரு சிறு நூலே எழுதினார். துயரத்திலிருந்து மீண்டதை அவர் தத்துவமாகத் தொடங்கவில்லை. கைப்பிடி, மிதி, சமநிலை என்றுதான் தொடங்குகிறார்.

*

இவ்வளவும் எழுதியபின் என் வீட்டு வண்டியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மையல்ல.

அப்பா நெசவாளி. தறியிலிருந்து அறுத்த சேலையை மஞ்சள் பையில் போட்டு, டி.வி.எஸ். 50 வண்டியில் காஞ்சிபுரம் சொசைட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த பாவுக்குப் பட்டும் ஜரிகையும் வாங்கி வருவார். நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை அப்படித் திரும்பி வரும் வழியில் மணல் லாரி மோதி இறந்தார். வண்டி காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் ஏழு மாதம் கிடந்து வீட்டுக்கு வந்தது. முன்சக்கரம் கோணியிருந்தது. கொக்கியில் பை அப்படியே இருந்தது. உள்ளே சொசைட்டிப் புத்தகமும் ஒரு நூல்கண்டும்.

ஆகாத வண்டி, பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றார்கள் உறவினர்கள். அம்மா ஒப்பவில்லை. தறிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நிறுத்தி ஒரு பழஞ்சேலையால் போர்த்தி வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் துடைப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து நான் கவிதை எழுதினேன். போர்வைக்குள் உறங்கும் அப்பா, துருவாக உதிரும் காலம் என்றெல்லாம். ஒரு சிற்றிதழில் வந்த என் முதல் கவிதை அது. பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். பெருமையோடு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“நல்லாத்தான் எழுதிருக்க. இதுக்குப் பதிலா வண்டிய ரிப்பேருக்கு விட்டிருக்கலாமில்ல நீ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா இறந்தபின் தறியில் உட்கார்ந்தது அம்மா. சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அம்மா. மூட்டையோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள். கூட்டத்தில் சேலை கசங்கிவிடக்கூடாதென்று நெரிசலான பேருந்தை விட்டுவிடுவாள். அடுத்த பேருந்து எப்போது வருமென்று தெரியாது. இருட்டித்தான் வீடு திரும்புவாள். ஏன் இவ்வளவு நேரம் என்று நானே கடிந்துகொண்டிருக்கிறேன். போர்வைக்குள் அவள் பாதுகாத்து வைத்திருந்தது அப்பாவின் நினைவை மட்டுமல்ல. அது ஓடும் என்ற நம்பிக்கையையும்தான். அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. புருஷன் செத்த வண்டியில் ஏறி ஓட்டவேண்டும் என்று அந்தத் தெருவில் எந்தப் பெண் கேட்பாள்? நான் கேட்டிருக்க வேண்டும். நான் அதைக் குறியீடாக்கிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெக்கானிக் மூன்று நாளில் சரிசெய்து கொடுத்தார். அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பாவு நீட்டுவதற்காக அகலமாக விடப்பட்ட எங்கள் தெருவில், பாவு போட ஆள் வருவதற்கு முன், விடியற்காலையில் பழகினாள். முதல் வாரம் எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் எதிர்வீட்டு அத்தை வந்து, “அண்ணி, பின்னாடி நான் ஒரு தடவ உக்காரட்டுமா?” என்றாள். ஒன்பது ஆண்டு அம்மா அந்த வண்டியில் சேலை கொண்டுபோனாள். கருட சேவைக்கு என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போனாள்.

அப்பா விழுந்த இடத்தை முதல்முறை கடந்தபோது என்ன செய்தாய் என்று பல ஆண்டு கழித்துக் கேட்டேன்.

“ஹாரன் அடிச்சேன்” என்றாள்.

“மனசு ஆறிடுச்சாம்மா?”

“ஆறுதோ இல்லையோ. பொழுதோட வீடு வந்து சேர்ந்தேன் இல்ல.”

*

துயரத்துக்கும் வண்டிக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்த எந்தக் கோட்பாடும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. வண்டி குறியீடாக நிற்கும் வரையில் அது பெரும்பாலும் வேறு யாருக்கோ பயன்படுகிறது. எழுதுகிறவருக்கு, படிக்கிறவருக்கு, பாராட்டுகிறவருக்கு. அது குறியீடாக இருப்பதை விட்டுவிட்டு ஓடத் தொடங்கும் இடத்தில்தான் பெண்ணின் ஆறுதல் தொடங்குகிறது. கண்ணகிக்கு வானவூர்தி கொடுத்த நாம், அவள் நடந்த வழிக்கு ஒரு மாட்டுவண்டியை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ஓசி’ என்று அதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. பேருந்தில் ஏறக் கணவனிடமோ மகனிடமோ காசு கேட்க வேண்டியதில்லை என்பதன் பொருள், கேட்டே பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கட்டணமில்லாத பேருந்தும் வந்தால்தான் பேருந்து.

என் மாணவியின் கேள்வி அங்கிருந்து வந்ததுதான். அவள் ஊருக்கு மாலையில் ஒரு பேருந்து. அதைத் தவறவிட்டால் பாலத்தைத் தாண்டி நடக்கவேண்டும், அல்லது யாரிடமாவது லிஃப்ட் கேட்கவேண்டும். ‘அக்கினிப் பிரவேசம்’ அவளுக்குக் கற்பைப் பற்றிய கதை அல்ல. நேரத்துக்கு வராத பேருந்தைப் பற்றிய கதை. காரில் இருந்தவனின் குற்றத்தை அந்தக் கேள்வி துளியும் குறைக்கவில்லை. அவளை அந்த மழையில் தனியாக நிறுத்தி வைத்தவர்களையும் கூண்டுக்கு அழைக்கிறது. அவள் ஏன் ஏறினாள் என்று ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

இந்த ஆண்டு அகமதிப்பீட்டுத் தேர்வில் அந்தக் கேள்வியையே கேட்டேன். ‘கதையில் பேருந்து ஏன் வரவில்லை?’ ஐந்து மதிப்பெண். பலர் மழை என்று எழுதியிருந்தார்கள். சிலர் ஆசிரியர் கதைக்காக அப்படி வைத்தார் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் சரிதான். கேள்வியைத் தொடங்கிவைத்தவள் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். கடைசி வரியில், அந்தப் பெண்ணுக்குப் பேருந்து தேவை என்று அட்டவணை போட்டவருக்குத் தோன்றவில்லை, அட்டவணை போட்டவர் பேருந்தில் போகிறவராக இருந்திருக்கமாட்டார் என்று எழுதியிருந்தாள்.

ஐந்துக்கு ஐந்து போட்டேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது, உன் பேருந்துக்கு நேரமாயிற்றா என்று கேட்டேன். கைப்பேசியில் மணி பார்த்துவிட்டு, “இன்னும் இருபது நிமிஷம் இருக்கு மேடம். ஆனா சீக்கிரமே வந்துட்டாலும் வந்துடும்” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.